சான்றிதழ் மட்டும் போதுமா?

கணினித் தடயவியலில் வேலை தேடுபவர்கள் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்பதைத்தான். எடுக்கும் தடயம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுடன் தரும் சான்றில் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் மதிப்பும் நிபுணரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹேஷ் மதிப்பு மாறிவிடும். எனவே, கைப்பற்றிய ஹார்டு டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாதபடி நகலெடுப்பது, நகலில் மட்டும் ஆய்வது, பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று நேரத்தோடு குறிப்பது ஆகிய பழக்கங்களே இத்தொழிலின் அடித்தளம்.

சான்றிதழ் இல்லாவிட்டால் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்களே என்று கேட்கலாம். பல இடங்களில் அது உண்மைதான். சி.எச்.எஃப்.ஐ., ஜி.சி.எஃப்.இ. போன்ற தடயவியல் சான்றிதழ்கள் பாடத்தை முறையாகப் படிக்கவும் வைக்கின்றன. ஆனால், கணினிப் பாதுகாப்புத் துறையில் மதிப்புமிக்க சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழை முழுமையாகப் பெற, தேர்வில் வென்றபின்னும் பொதுவாக 5 ஆண்டு பணி அனுபவம் காட்ட வேண்டும். தேர்வு மட்டும் போதாது என்பதைத் தேர்வு நடத்துபவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வேலையே கிடைக்காதவர் அனுபவத்துக்கு எங்கே போவார்? அவர் தாமாகவே பழகலாம்: ஆட்டாப்சி என்ற ஆய்வு மென்பொருள் இலவசம். பயிற்சிக்கென வெளியிடப்பட்ட டிஸ்க் நகல்களும் கிடைக்கின்றன. அவற்றை ஆய்ந்து, கணினி அறியாத நீதிபதிக்கும் புரியும்படி அறிக்கை எழுதிப் பழகியவருக்கே சான்றிதழ் உண்மையில் பயன்படும்.