முள்ளுக்குள் நிற்கும் வேம்பு

யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணையிலிருந்து தாம்போதியால் புங்குடுதீவுக்குள் இறங்கிக் குறிகட்டுவான் துறை வரைக்கும் போகிறவர்கள், கூரையில்லாத வீடுகளைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். போர்க்காலத்தில், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், சனம் பெயர்ந்துபோன வளவுகள் அவை. படலை இருந்த இடத்தில் முட்பற்றை நிற்கிறது. திரும்பி வருகிறவர்கள் முதல் வேலையாக ஒரு ஜேசிபி பிடித்து வளவைத் துப்புரவாக்குகிறார்கள். பாம்புக்குப் பயம், எல்லை தெரியவில்லை என்று அவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனாலும் இயந்திரம் உள்ளே போவதற்கு முன் அந்தப் பற்றையை ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்வேன். முள்ளுக்குள் ஒரு வேப்பங்கன்று நிற்கக்கூடும்.

அது அங்கே வந்த வழி எளிது. வேப்பம்பழம் தின்ற பறவை முட்கிளையில் வந்து குந்தி எச்சமிடுகிறது. வெட்டவெளியில் முளைத்தால் அந்தக் கன்றை ஆடு ஒரு கடியில் முடித்துவிடும். முள்ளின் நடுவே ஆட்டின் வாய் எட்டாது. வெயிலும் குறைவு, ஈரம் கொஞ்சம் தங்கும். சில ஆண்டுகளில் வேம்பு முள்ளைத் தாண்டி எழும்புகிறது. பிறகு அதன் நிழலில் முள்மரம் மெலிந்து போகிறது. இப்படிக் கன்றைக் காக்கும் முள்மரத்தைத் தாதிமரம் என்று சொல்லலாம். ஆடும் மாடும் கட்டாக்காலியாகத் திரியும் தீவுகளில் ஒரு மரம் தானாக வளர இதைவிட நல்ல காவல் கிடையாது.

அந்தக் காவலில் முதல் பெயர் உடை. குடைவேல் என்றும் சொல்வார்கள். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான மரம். மன்னார் தீவில் நிறையக் காணலாம், யாழ்ப்பாணக் கரையோரத்திலும் உண்டு. உச்சி தட்டையாக, விரித்த குடை மாதிரி இருக்கும். வெள்ளைப் பூக்கள் சிறு உருண்டைகளாகப் பூக்கும், காய் சுருண்டிருக்கும். நீண்ட நேரான முள்ளும் குட்டையாக வளைந்த முள்ளும் ஒரே கிளையில் இருப்பதுதான் இதன் அடையாளம். முதலாவது குத்தும், இரண்டாவது இழுத்துப் பிடிக்கும். 1834இல் வைட், ஆர்னட் என்ற இருவர் இதற்கு அக்கேசியா பிளானிஃப்ரோன்ஸ் என்று பெயரிட்டார்கள்.

இன்று புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. அக்கேசியா என்ற சொல் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. எகிப்திலும் நம்மிடத்திலும் வளரும் கருவேலத்தை வைத்து எழுந்த பெயர். ஆனால் இந்தக் குலத்தைப் பிரிக்க வேண்டி வந்தபோது, ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் உள்ள ஆஸ்திரேலியக் கிளைக்கே பழைய பெயர் என்று 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு முடிவெடுத்தது, 2011இல் மெல்பேர்ண் மாநாடு அதை உறுதிசெய்தது. உடையும் கருவேலமும் இப்போது வாச்செலியா. முள்ளுள்ள மரங்கள் முள்ளின் பெயரை இழந்ததில் எனக்கு மனக்குறைதான். நல்லவேளை, உடை என்ற சொல்லை எந்த மாநாடும் மாற்ற முடியாது.

விடத்தல் இந்தக் குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. பாதி ஊதாவும் பாதி மஞ்சளுமாகத் தொங்கும் அதன் பூவைப் பார்த்தவர் மறக்கமாட்டார். விடத்தல்தீவு, விடத்தற்பளை என்று ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. அதன் கிளைகளை வெட்டிக் கட்டும் அலம்பல் வேலிதான் தகரமும் மதிலும் வருமுன் தோட்டத்தைக் காத்தது. நெடுந்தீவில் அந்த வேலையைப் பவளக்கல் மதில்கள் செய்தன.

தீவகத்தில் சுண்ணக்கல் மேல் ஒரு சாண் மண், ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, பிறகு மாதக்கணக்கில் காய்ச்சல். இதில் இந்த மரங்கள் பிழைக்கும் இரகசியம் வேரில் இருக்கிறது. வேர் முடிச்சுகளில் வாழும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கின்றன, மரம் அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளின் உறவினம் ஒன்றுதான் அங்கேயும் நிறம் தருகிறது. உதிரும் இலையால் அந்த உரம் மண்ணுக்கும் போகிறது.

பரவுவதற்கு ஆடு உதவுகிறது. காயைத் தின்கிற ஆட்டின் வயிற்றில் கடினத் தோலுள்ள விதைகள் சில சாகாமல், தோல் இளகி, புழுக்கையோடு வேறோரிடத்தில் விழுகின்றன. முள்ளால் ஆட்டைத் தள்ளிவைத்து, காயால் அதையே கூப்பிடுகிற மரம்!

இதே வழியைப் பிடித்துத்தான் சீமைக்கருவேலமும் பரவியது. இது உடைக்குத் தூரத்து உறவு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் 1876இல் இதன் விதை கேட்டு எழுதினார். விறகுப் பஞ்சம் தீர வேண்டும் என்பது நோக்கம். விறகு கிடைத்தது, இராமநாதபுரத்தில் கரிமூட்டம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது, கூடவே கண்மாய்களும் இந்த மரத்தால் நிறைந்தன. இலங்கையில் உவர்நிலத்தைத் திருத்த 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் நட்டார்கள். அது பூந்தல தேசிய பூங்காவுக்குள் புகுந்தது. மன்னாரில் வங்காலைச் சரணாலயமும் தப்பவில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தலையாகத் துளிர்க்கும். ஆகவே தீவகத்தில் ஒரு கன்று கண்டாலும் வேரோடு பிடுங்க வேண்டும், அதுவும் காய்க்குமுன். நெடுந்தீவில் நிற்கும் பெருக்கமரமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் அது தீவை மூடவில்லை. வெளியிலிருந்து வந்தது என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. காயை யார் தின்கிறார்கள், வெட்டியபின் என்ன நடக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

ஆஸ்திரேலிய அக்கேசியா வேறு வகை. இலங்கையின் உலர்வலயத்தில் வனத் திணைக்களம் நட்ட அக்கேசியா ஆரிகுலிஃபோர்மிசுக்கு முள் கிடையாது. வளர்ந்த மரத்தில் நாம் இலை என்று பார்ப்பது உண்மையில் அகன்ற காம்பு. முளைத்த புதிதில் மட்டும் சின்னச் சின்ன இலைகள் வந்து, பிறகு மறைந்துவிடும். கெட்ட மண்ணிலும் சீக்கிரம் வளரும், விறகுக்கு நல்லது. ஆனால் பலத்த காற்றுக்குக் கிளை முறியும், ஆடு விரும்பாது, உதிர்ந்த சருகு உக்க நாளாகும். கடற்காற்று ஓயாத தீவுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

உடையை நடுவதற்குச் செலவில்லை. முற்றிய காயை உடைத்து விதையை எடுத்து, கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, ஆறும் வரை விட்டு ஓரிரவு ஊறவைக்க வேண்டும். ஆட்டின் வயிறு செய்யும் வேலையை இந்தச் சுடுதண்ணீர் செய்துவிடும். காலையில் ஊதி நிற்கும் விதைகளைப் பையில் போடலாம். ஊதாதவற்றுக்கு மறுபடியும் சுடுதண்ணீர். ஆணிவேர் விறுவிறுவென்று இறங்கும் என்பதால் கன்றைப் பையில் அதிக நாள் வைத்திருக்கக் கூடாது. ஐப்பசியின் முதல் மழையோடு, கடல் பக்க எல்லையில் வைத்துவிட வேண்டும்.