வருமுன் காக்கும் தலைமை: கடலூர் வெள்ளமும் உமர் (ரலி) அவர்களின் வழிமுறையும்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போய்விட்டதே என்று நிம்மதி அடைவதற்குள் அடுத்த ஆபத்து வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்தப் பகுதிகளின் நீரெல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து, திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வெளியேற்றப்பட்டது. தென்பெண்ணை கடலில் கலக்கும் இடம் நம் கடலூர். நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி, வெளிச்செம்மண்டலம் என ஆற்றங்கரைப் பகுதிகள் தண்ணீரில் மூழ்கின. மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியிருந்தது.

அணை திறப்பதற்கு முன் எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. அது போதவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த அரசியல் விவாதத்துக்குள் நாம் செல்லவில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. எச்சரிக்கை ஓர் அலுவலகத்திலிருந்து புறப்படுவது ஒன்று. அது தாழ்வான தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் காதில் விழுவது வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடப்பது யார் பொறுப்பு? இதற்கு மார்க்கம் நமக்கு என்ன வழிகாட்டுகிறது?

நம் ஊர் அமைந்துள்ள இடம்

கடலூர் ஒரு வடிகால் மாவட்டம். எங்கோ பெய்யும் மழை இங்கு வந்துதான் கடலில் சேர்கிறது. நகரின் வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், தெற்கே பரவனாறும் உப்பனாறும் ஓடுகின்றன. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறும், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடமும் கடலில் கலக்கின்றன. செம்மண்டலமோ தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடையில் இருக்கிறது. மேட்டூரில் அணை நிரம்பினால் சிதம்பரம் பக்கத்துத் திட்டுக்காட்டூரிலும் கீழகுண்டலபாடியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் இங்கு வெள்ளம் வரலாம் என்பதே நம் ஊரின் தனித்தன்மை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் பல உயிர்களைக் கொண்டு சென்றது. 2021 மே மாதம் சிப்காட் வளாகத்து ரசாயன ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தனர். இருபது ஆண்டுகளில் இத்தனை சோதனைகளைக் கண்ட ஊருக்கு, அடுத்த சோதனை எதிர்பாராமல் வந்தது என்று சொல்ல இடமில்லை.

யார் எதற்குப் பொறுப்பு?

1866இல் நகராட்சியான கடலூர், 2021இல் மாநகராட்சி ஆனது. 2022 தேர்தலில் 45 வார்டுகளுக்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சுந்தரி ராஜா முதல் மேயரானார். மாநகராட்சி என்றதும் எல்லாம் மேயர் கையில் இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மை அப்படியில்லை. அணையும் ஆறும் நீர்வளத்துறையிடம் உள்ளன. மக்களை வெளியேற்றுவதும் முகாம் திறப்பதும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் வருவாய்த்துறை செய்யும் பணி. தெருவின் மழைநீர் வடிகால், குப்பை, கட்டட அனுமதி ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. மின்சாரத்தைத் துண்டிப்பது மின்வாரியம். மீட்பது தீயணைப்புத் துறை.

ஆபத்து நேரத்தில் இந்தத் துறைகளுக்கு இடையே உள்ள இடைவெளியில்தான் மக்கள் சிக்கிக்கொள்கிறார்கள். இதை உணர்ந்தே 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஆட்சியரைத் தலைவராகவும் உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் கொண்ட மாவட்ட ஆணையத்தை அமைக்கச் சொல்கிறது. அதிகாரிக்கு ஆணையிடும் அதிகாரம் உண்டு. கவுன்சிலருக்கு எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். இரண்டும் ஒரே மேசையில் அமர வேண்டும், அதுவும் மழைக்காலத்துக்கு முன்பே.

மக்காவில் வந்த வெள்ளம்

ஹிஜ்ரி 17ஆம் ஆண்டு, உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் மக்காவில் பெருவெள்ளம் வந்தது. மேல் மக்காவிலிருந்து பாய்ந்த நீர் ஹரமுக்குள் புகுந்து, மகாமு இப்ராஹீமை அதன் இடத்திலிருந்து பெயர்த்துக் கீழ்ப்பகுதிக்கு அடித்துச் சென்றது. அந்த வெள்ளத்தில் உம்மு நஹ்ஷல் என்ற பெண்மணி உயிரிழந்தார். அவர் பெயராலேயே அது உம்மு நஹ்ஷல் வெள்ளம் என்று அழைக்கப்படுகிறது.

மக்கா வரலாற்றை எழுதிய அஸ்ரகீ (ரஹ்) இந்நிகழ்வை விரிவாகப் பதிவு செய்துள்ளார்கள். செய்தி மதீனாவுக்கு எட்டியதும் உமர் (ரலி) அவர்கள் ரமளான் மாதத்தில் பதற்றத்துடன் மக்காவுக்குப் புறப்பட்டு வந்தார்கள். மகாம் இருந்த சரியான இடம் யாருக்குத் தெரியும் என்று மக்களிடம் கேட்டார்கள். முத்தலிப் இப்னு அபீ வதாஆ என்பவர் முன்வந்தார். இப்படி ஒரு நாள் நடக்கலாம் என்று அஞ்சி, கஅபாவின் மூலையிலிருந்தும் ஸம்ஸமிலிருந்தும் மகாம் எவ்வளவு தூரம் என்று முன்பே ஒரு கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றை வீட்டில் பாதுகாத்து வைத்திருப்பதாகக் கூறினார். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தம் அருகில் அமரவைத்து, ஆள் அனுப்பிக் கயிற்றை வரவழைத்து, அளந்து, மற்றவர்களிடமும் கேட்டு உறுதி செய்த பிறகே மகாமை அதன் இடத்தில் வைத்தார்கள். அத்துடன் நிற்கவில்லை. அடுத்த வெள்ளம் ஹரமை நோக்கி வராதபடி மேல் மக்காவில் பெரிய கற்களால் தடுப்பணை கட்டச் செய்தார்கள்.

தலைமையின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு நிகழ்வில் இருக்கிறது. தலைவர் நேரில் வந்தார். தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணாமல், தெரிந்தவர் யார் என்று கேட்டார். சொன்னதைச் சரிபார்த்தார். சேதத்தைச் சரிசெய்ததோடு, நீர் வரும் வழியிலேயே தடுப்பும் கட்டினார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், பதவி ஏதும் கேட்காமல், அமைதியான ஒரு நாளில் கயிறு பிடித்து அளந்த ஒரு மனிதர் இருந்தார்.

கடலூரில் அந்தக் கயிறு எது? 2015இலும் 2024இலும் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எந்த மதகு அடைத்துக்கொண்டது, சாத்தனூரில் திறந்த நீர் எத்தனை மணி நேரத்தில் செம்மண்டலத்தை எட்டியது என்ற பதிவுதான் அது. சுனாமியின்போது இங்கு ஆட்சியராக இருந்த ககன்தீப் சிங் பேடி அவர்களையே 2015 வெள்ளத்தின்போது அரசு கண்காணிப்பு அதிகாரியாக மீண்டும் அனுப்பியது. ஊரை அறிந்தவரை அனுப்பியது நல்ல முடிவுதான். ஆயினும் ஒரு ஊரின் அனுபவம் ஓர் அதிகாரியின் நினைவில் மட்டும் தங்கிவிடக் கூடாது. அதிகாரிகள் மாறுவார்கள், பதிவு ஊரிலேயே இருக்க வேண்டும்.

முதலில் செல்பவரே தலைவர்

ஒரு நாள் இரவு மதீனாவில் பெரும் சத்தம் கேட்டு மக்கள் திடுக்கிட்டனர். சத்தம் வந்த திசை நோக்கி அவர்கள் செல்லும்போது, நபி (ஸல்) அவர்கள் எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரையில், சேணம்கூட இல்லாமல், எல்லோருக்கும் முன்பே தனியாகச் சென்று பார்த்துவிட்டு, அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்கு ஆறுதல் கூறினார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

அந்த ஆறுதலை மக்கள் நம்பியதற்குக் காரணம், அது நேரில் பார்த்துவிட்டுச் சொல்லப்பட்டது. இன்று வெள்ள நேரத்தில் வாட்ஸ்அப்பில் அணை உடைந்துவிட்டது என்று ஒரு வதந்தி பரவுகிறது. ஒன்றுமில்லை என்று இன்னொன்று பரவுகிறது. இரண்டும் உயிருக்கு ஆபத்து. ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி நம்மைப் பணிக்கிறது. அதிகாரபூர்வமான தகவல் தாமதமானால் அந்த இடத்தை வதந்தி நிரப்பிவிடும். எனவே, மணிக்கொரு முறை உண்மை நிலையைச் சொல்லும் ஒரு குரல் நகரத்துக்கு அவசியம்.

விதியின் பெயரால் சும்மா இருக்கலாமா?

அல்லாஹ் நாடியதே நடக்கும் என்பது நம் ஈமான். அதைச் சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேற மறுப்பவர்களும் நம்மிடையே உண்டு. உமர் (ரலி) அவர்கள் சிரியா செல்லும் வழியில் ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகத் தகவல் வந்தது. முஹாஜிர்கள், அன்சாரிகள், குறைஷி முதியோர் எனப் பலரிடமும் ஆலோசித்துத் திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். பின்னர் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழியும் அந்த முடிவுக்குப் பொருந்தியது. பாதுகாப்பான இடத்துக்குச் செல்வது தவக்குலுக்கு எதிரானதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கப்பலில் ஓட்டை போடாதிருத்தல்

தலைமையை மட்டும் குறை சொல்லி நாம் ஒதுங்க முடியாது. கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் துளையிட முனைந்தால், மேல்தளத்தினர் தடுக்காவிட்டால் எல்லோருமே மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். வாய்க்காலின் மேல் கடைப்படி கட்டுவதும், வடிகாலில் குப்பைப் பையை வீசுவதும், நீர் நிற்கும் தாழ்வான நிலத்தை மண்ணடித்து மனையாக்குவதும் அந்தத் துளைகள்தாம். செய்பவர் நம் உறவினராக இருக்கலாம். நம் சமுதாயக் கட்டடமாகவும் இருக்கலாம். பொதுத் தீங்கைத் தடுக்கத் தனிப்பட்ட இழப்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி.

கூஃபா நகரில் நாணல் வீடுகள் தீயில் எரிந்தபோது, செங்கல்லால் கட்ட அனுமதி கேட்டு மக்கள் உமர் (ரலி) அவர்களிடம் வந்தனர். அனுமதித்தார்கள், கூடவே, வீட்டுக்கு மூன்று அறைகளுக்கு மேல் வேண்டாம், உயரத்தில் போட்டி போட வேண்டாம் என்று வரம்பும் விதித்தார்கள். அந்நகரின் பெரிய சாலைகள் 40 முழம், அடுத்தவை 30, பிறகு 20, சந்துகள் 7 முழம் என அகலம் வகுக்கப்பட்டதாக தபரீ (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். வரம்பு எளியவருக்கும் வசதியானவருக்கும் ஒன்றாக இருந்தது. இன்று ஆற்றங்கரைக் குடிசையை அகற்றும் அதே கண்டிப்பு, நீர்வழியில் நிற்கும் பெரிய கட்டடத்திடமும் காட்டப்பட வேண்டும். குடிசைவாசிக்கு மாற்று வீடு தந்த பிறகே அகற்ற வேண்டும்.

பள்ளிவாசல் செய்ய வேண்டியவை

1970இல் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் மூன்று லட்சம் பேர் வரை இறந்தனர். அதன்பின் அங்கே ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் தொடங்கியது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெண்கள் உட்பட, கொடி ஏற்றியும், ஒலிபெருக்கியில் அறிவித்தும், வீடு வீடாகச் சென்றும் எச்சரிக்கிறார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் இதற்குப் பயன்படுகின்றன. 2020இல் அம்பன் புயல் தாக்கியபோது அந்நாட்டில் இறந்தோர் எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது. புயலின் வேகம் நம் கையில் இல்லை. செய்தி போய்ச் சேரும் வேகம் நம் கையில் இருக்கிறது.

நமக்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை. சுனாமி நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களுக்கு உணவும் இடமும் தந்து அரவணைத்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. அந்த உணர்வை ஒழுங்குபடுத்தினால் போதும். ஒவ்வொரு ஜமாஅத்தும் புரட்டாசி முடிவதற்குள் ஒரு பதிவேடு எழுதலாம்: மஹல்லாவிலும் சுற்றியுள்ள தெருக்களிலும், எந்த மதத்தவராயினும், தனியாக வாழும் முதியோர், நடக்க இயலாதோர், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் யார் யார், மாடி வீடு யாருடையது, வாகனம் யாரிடம் உள்ளது. கடந்த வெள்ளத்தில் நீர் நின்ற உயரத்தைத் தேதியுடன் சுவரில் குறித்து வைக்கலாம். நம் முத்தலிப்களின் கயிறு அதுதான். எச்சரிக்கை வந்ததும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதோடு, ஒரு தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் கதவைத் தட்டிச் சொல்ல ஏற்பாடு வேண்டும். முகாமில் பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று பார்க்கப் பெண்கள் குழு வேண்டும்.

வீட்டில் 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை), 108, 112 ஆகிய எண்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். குடும்ப அட்டை, பத்திரங்கள், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். நகர்ப்புற வார்டுகளில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அங்கே சென்று உங்கள் வார்டின் வெள்ள வரைபடம் எங்கே, மதகை எப்போது தூர்வாரினார்கள், எங்கள் முகாம் எது என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; பதில் சொல்வது அவர்கள் சுமந்துள்ள அமானிதம்.

ஒவ்வொருவரும் தம் பொறுப்பு குறித்து மறுமையில் விசாரிக்கப்படுவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த விசாரணை மேயருக்கும் ஆட்சியருக்கும் உண்டு. முத்தவல்லிக்கும் இமாமுக்கும் குடும்பத் தலைவருக்கும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்குள் நம் கயிறு தயாராகட்டும்.

வல்ல அல்லாஹ் நம் ஊரையும் ஊர் மக்கள் அனைவரையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாத்து, பொறுப்பில் இருப்போருக்கு அமானிதம் பேணும் உள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.