ஊசி மாறிப் போனால்?

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நாளில் டாக்டர் உங்கள் கட்டிலருகே நின்ற நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி தேறுமோ, என்னவோ! மற்ற நேரமெல்லாம் நீங்கள் இருப்பது நர்ஸம்மாவின் கையில்தான். மாத்திரை கொடுப்பது, ஊசி போடுவது, ஜுரம் பார்ப்பது, ரத்தம் ஏற்றுவது எல்லாம் அவர்தாம். பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. என்றாவது ஒரு நாள் ஊசி மாறிப் போனால்?

டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். 1993-ம் வருஷம், டிசம்பர் மாதம். ஜுரத்தோடு வந்த ஒரு சிறுவனை ஸ்பிரிங் மெடோஸ் என்ற தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டைபாய்டு என்று தெரிந்தது. அதற்குக் குளோராம்பெனிக்கால் என்ற மருந்தைக் கொடுக்க வேண்டும். நர்ஸ் புரிந்துகொண்டதோ குளோரோகுவின்! அது மலேரியா மருந்து. இரண்டு பெயரும் ஆரம்பிக்கிற விதம்தான் ஒன்று. மற்றபடி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

நர்ஸ் கேட்ட மருந்தைத் தகப்பனாரே கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அதை ரத்தக் குழாயில் ஏற்றினார் நர்ஸ். ஏற்றியதுதான் தாமதம், பையன் துவண்டு போனான். இதயம் நின்றுவிட்டது. டாக்டர் ஓடி வந்தார். பிறகு டில்லியில் உள்ள எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். உயிர் தங்கியது. ஆனால் மூளை கெட்டது கெட்டதுதான். இனிச் சீராகாது என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்கு நடந்தபோதுதான், ஊசி போட்டவர் முறையான தகுதி பெற்ற நர்ஸே இல்லை என்பது வெளியாயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் சாமர்த்தியமாக ஒரு வாதம் செய்தார்கள்: சிகிச்சை பெற்றவன் பையன், ஆகையால் பெற்றோர் தங்களுக்கென்று தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாதாம்! 1998 மார்ச் 25-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. பணம் கட்டிய பெற்றோரும் நுகர்வோர், சிகிச்சை பெற்ற குழந்தையும் நுகர்வோர் என்றது. குழந்தைக்கு 12.5 லட்ச ரூபாய். பெற்றவர்களின் மனவேதனைக்கு 5 லட்ச ரூபாய். தேசிய நுகர்வோர் கமிஷன் விதித்திருந்த அந்தத் தொகை அப்படியே உறுதியாயிற்று.

“நர்ஸ் செய்த தப்புக்கு ஆஸ்பத்திரி என்ன செய்யும்?” என்று எந்த மானேஜராவது உங்களிடம் சொன்னால் நம்பி விடாதீர்கள். நர்ஸை வேலைக்கு வைத்த ஸ்தாபனமே பதில் சொல்ல வேண்டும். அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த நர்ஸின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பாதகமில்லை. ஆஸ்பத்திரியின் மீது வழக்குப் போட்டாலே போதும், தங்கள் தரப்பில் அலட்சியம் இல்லை என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும் என்று 2004-ல் இன்னொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

நர்ஸாக இருக்கும் சகோதரிகள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். சாதாரண வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. அந்தக் கணக்கு எத்தனை வார்டுகளில் நடைமுறையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். வரிசை வரிசையாகக் கட்டில்களைப் போட்டு, ஒற்றை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, ஊசி மாறியதும் அவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

ஆஸ்பத்திரியில் நேரும் துன்பமெல்லாம் தவறினால் நேர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 2014 நவம்பரில் ஒரு சில தினங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்ததை அந்த ஜில்லா மறக்கவில்லை. குழந்தைகள் எடை குறைந்து பிறந்தது போன்றவைதாம் காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 2021-ல் தஞ்சாவூரில் நடந்தது வேறு ரகம். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், பிறந்து இரண்டு வாரமான குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கத்தரிக்கோலால் எடுக்கப் போய், கட்டை விரலையே வெட்டி விட்டார் நர்ஸ். இங்கே தவறு என்ன என்று சொல்ல எந்த நிபுணரும் வர வேண்டியதில்லை. முதல் ரகத்தில் அப்படி அல்ல. எந்த மணிக்கு என்ன கொடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று தெரிந்தால்தான் உண்மை விளங்கும்.

அது எங்கே இருக்கிறது? கட்டிலின் காலடியில் தொங்குகிற, நர்ஸ் எழுதி வைக்கும் அந்தத் தாளில்! ஆகவே முதல் காரியமாக, சிகிச்சைக் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் அவற்றைத் தர வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி. அரசு ஆஸ்பத்திரியானால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். மருந்துச் சீட்டு, கடை ரசீது, காலி மருந்துப் புட்டி எதையும் வீசிவிடாதீர்கள். வாயால் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்களே அதிகம்.

பிறகு எந்தக் கதவைத் தட்டுவது? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

பணம் கட்டிய தனியார் ஆஸ்பத்திரியானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணத்தை நீங்கள் கட்டாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் சரிதான். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் சேலத்துக்கும் பெங்களூருக்கும் வைத்தியத்துக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். 2019-ம் வருஷத்துச் சட்டம் இவர்களுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறது. ஊசி பெங்களூரில் போட்டிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம்! ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் அரசு ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. காசில்லாதவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறதே என்று எனக்கும் ஆத்திரம்தான். அதற்காக வேறு வழியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963-ல் பிரசவத்துக்குப் பின் கருத்தடை ஆபரேஷன் செய்த ஒரு பெண்ணின் வயிற்றில் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். அவர் இறந்து போனார். குடும்பத்தார் சிவில் கோர்ட்டுக்குப் போனார்கள். ராஜ்ய சர்க்கார் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் முடிவு கட்டியது. முப்பத்து மூன்று வருஷம்! கிடைத்ததோ 36,000 ரூபாய்.

இப்போது இதைவிடக் குறுக்கு வழி உண்டு. சாத்தூரில் 2018 டிசம்பரில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள் அல்லவா? அந்த விஷயம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போய், மறு வருஷமே 25 லட்ச ரூபாய் தரும்படி உத்தரவாயிற்று. தருமபுரிக்காரர்கள் போக வேண்டியது சென்னை ஹைகோர்ட்டு. சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். நர்ஸின் பதிவைப் பற்றிய புகாரானால் தமிழ்நாடு நர்ஸுகள் மருத்துவச்சிகள் கவுன்சில் இருக்கிறது. அங்கே நஷ்ட ஈடு கிடைக்காது.

“ஹைகோர்ட்டாவது, வக்கீலாவது! பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். 1987-ம் வருஷத்து இலவச சட்ட உதவிச் சட்டத்தில், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே வக்கீல் வைத்துத் தர வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெண்களும் இருக்கிறார்கள். கணவர் சம்பாதிக்கிறாரா, நிலம் நீச்சு இருக்கிறதா என்ற விசாரணையெல்லாம் இல்லை. உங்கள் ஊர்க் கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். வீட்டிலிருந்தே கேட்பதானால் டெலிபோன் நம்பர் 15100.