தவிட்டோடு போன மெக்னீசியம்

அமெரிக்க வேளாண் துறை 1909ஆம் ஆண்டிலிருந்து ஒரு கணக்கு வைத்திருந்தது. நாட்டில் விளைந்தது எவ்வளவு, கப்பலில் வந்து இறங்கியது எவ்வளவு, ஏற்றுமதியானது எவ்வளவு, விதைக்கும் தீவனத்துக்கும் போனது எவ்வளவு, கிடங்கில் மிஞ்சியது எவ்வளவு என்று கூட்டிக் கழித்து, வந்ததை மக்கள்தொகையால் வகுப்பார்கள். ஆளுக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு பால், இவ்வளவு சர்க்கரை என்று தெரிந்துவிடும். அதை வைத்து ஆளுக்கு இவ்வளவு இரும்பு, இவ்வளவு கால்சியம், இவ்வளவு மெக்னீசியம் என்றும் கணக்கிட்டுவிடலாம். ஒரு நாட்டின் சாப்பாடு நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதற்கு இவ்வளவு நீண்ட பதிவு அபூர்வம்.

அந்தப் பதிவில் மெக்னீசியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயரத்தில் இருக்கிறது, நடுவில் இறங்குகிறது, கடைசியில் மறுபடி ஏறுகிறது. கடைசி ஏற்றத்தைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

உடம்பில் அதற்கு என்ன வேலை?

வளர்ந்த மனிதரின் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற திசுக்களிலும். 300க்கும் மேற்பட்ட நொதிகள் இதை நம்பித்தான் இயங்குகின்றன. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுப்பது, தசை சுருங்கி விரிவது, நரம்பின் சேதி ஓடுவது, இதயம் தாளம் தப்பாமல் துடிப்பது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

ரத்தத்தில் சுற்றுவது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவு குறையத் தொடங்கினால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும், சிறுநீரகமும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்று வந்தாலும் கையிருப்பு கரைந்திருக்கலாம். மிகவும் குறைந்தால் பசியின்மை, குமட்டல், சோர்வு வரும். பிறகு மரமரப்பு, தசைப்பிடிப்பு. முற்றினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும். இவற்றில் முதல் மூன்றும் நூறு காரணங்களால் வரக்கூடியவை. இந்தக் குறைக்கென்று தனி முகம் இல்லை. அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே பார்ப்போம்.

மாவு வெளுத்த கதை

கோதுமை மணியில் மெக்னீசியம் சீராகப் பரவியிருப்பதில்லை. தவிட்டிலும் முளைக்கருவிலும் குவிந்திருக்கிறது, நடுவில் உள்ள மாவுப்பகுதியில் கொஞ்சம்தான். கல்லில் அரைத்த காலத்தில் தவிட்டை முழுதாகப் பிரிப்பது சிரமமாக இருந்தது. 1870களிலும் 80களிலும் மினியாபொலிஸ் நகரத்து ஆலைகள் ஹங்கேரியில் பழக்கத்துக்கு வந்திருந்த உருளை இயந்திரங்களைப் போட்டன. 1878இல் அங்கே வாஷ்பர்ன் ஆலை மாவுத் தூசி தீப்பற்றி வெடித்துச் சிதறியது. திரும்பக் கட்டியபோது உருளைகளோடு எழுந்தது. தவிட்டையும் கருவையும் சுத்தமாக நீக்கிய வெள்ளை மாவு மலிவானது. எண்ணெய்ப்பசையுள்ள கரு போய்விட்டதால் மாவு மாதக்கணக்கில் கெடாமலும் இருந்தது.

இதற்குக் கொடுத்த விலை என்ன? 100 கிராம் முழுக் கோதுமை மாவில் சுமார் 137 மில்லிகிராம் மெக்னீசியம். அதே அளவு வெள்ளை மாவில் சுமார் 22. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டது. அரிசியிலும் இதே கதைதான்: தீட்டாத அரிசியில் 100 கிராமுக்கு 143 அளவில் இருப்பது, வெள்ளை அரிசியில் 25 ஆகிவிடுகிறது. மூன்று வேளையும் அரிசியை நம்பியிருக்கும் நமக்கு இந்த இரண்டாவது கணக்கு இன்னும் நெருக்கமானது.

இறங்கியதும் ஏறியதும்

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1909இல் அமெரிக்கர் கையில் கிடைத்த மாவும் பெரும்பாலும் வெள்ளைதான். அப்படியும் மெக்னீசியம் உயரத்தில் இருந்ததற்குக் காரணம் சாப்பிட்ட அளவு. ஆண்டுக்கு ஆளுக்கு சுமார் 300 பவுண்டு மாவும் தானியமும், கூடவே உருளைக்கிழங்கும். உடலுழைப்புக்கு அவ்வளவு தேவைப்பட்டது. பாட்டன் காலத்தில் எல்லாம் முழுத் தானியம் என்று சொல்வது அழகான கற்பனை.

பிறகு தானியம் பாதிக்கும் கீழே சரிந்தது. உருளைக்கிழங்கும் குறைந்தது. அந்த இடத்துக்கு இறைச்சியும் கொழுப்பும் சர்க்கரையும் வந்தன. சர்க்கரையிலும் எண்ணெயிலும் மெக்னீசியம் அநேகமாகச் சுழியம். நடுநூற்றாண்டு இறக்கத்துக்கு இதுவே விளக்கம்.

1970களுக்குப் பிறகு தானியம் மறுபடி கூடியது: பாஸ்தா, பீட்சா, டார்ட்டியா, பாக்கெட் நொறுக்குத்தீனி. மெக்னீசியமும் ஏறியது. ஆனால் கலோரியும் ஏறியது. 1909இல் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 3,400 கலோரி. 2000இல் சுமார் 3,900. பழைய மெக்னீசிய அளவை எட்டிப்பிடிக்க 500 கலோரி கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் கலப்பையை விட்டு நாற்காலிக்கு மாறிவிட்ட உடம்புக்கு. இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பிச் சேர்த்த பட்டியல்

ஆலையில் சத்து போகிறது என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சத்துக் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் தோலை உரித்து, புத்தியைக் கலக்கி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. 1941இல் வெள்ளை மாவைச் செறிவூட்டத் தொடங்கினார்கள். 1943இல் போர்க்கால ஆணை அதை ரொட்டிக்குக் கட்டாயமாக்கியது. சேர்த்தவை தயாமின், நியாசின், ரிபோஃப்ளேவின், இரும்பு. 1998இல் ஃபோலிக் அமிலமும் வந்தது.

மெக்னீசியம் அந்தப் பட்டியலில் கடைசிவரை ஏறவில்லை. பெல்லாக்ராவுக்குத் தோல் சாட்சி சொன்னது, பெரிபெரி நோய்க்குக் கால் வீக்கம் சாட்சி சொன்னது. சோர்வையும் பசியின்மையையும் யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? 1941இல் வெளியான முதல் சத்துப் பரிந்துரையிலும் மெக்னீசியத்துக்கு எண் கிடையாது. 1968இல்தான் அது சேர்ந்தது. 1974இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உணவு, ஊட்டச்சத்துக் குழு தானியப் பொருட்களில் பத்துச் சத்துகளைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது. அந்தப் பத்தில் மெக்னீசியமும் ஒன்று. யோசனை காகிதத்திலேயே நின்றுவிட்டது.

மண்ணைக் குறை சொல்லலாமா?

மண் செத்துவிட்டது, அதனால் காய்கறியில் சத்தில்லை என்ற பேச்சை அடிக்கடி கேட்கிறோம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமை போட்டு, அறுவடை மாதிரிகளைப் புட்டிகளில் பத்திரப்படுத்தி வருகிறார்கள். 2008இல் வெளியான ஆய்வு அந்தப் புட்டிகளைத் திறந்து பார்த்தது. 1960களின் நடுப்பகுதி வரை துத்தநாகம், இரும்பு, செம்பு, மெக்னீசியம் நான்கும் ஏறக்குறைய மாறவில்லை. அதன்பின் குறைந்தன. மண்ணில் அவற்றின் அளவு குறைந்திருக்கவில்லை. மாறியது விதை: அதிக மகசூல் தரும் குட்டை ரகங்கள். மணியில் மாவு கூடியது, தாது அதே வேகத்தில் கூடவில்லை.

ஆக, இழப்பு உண்மைதான். ஆனால் ஆலையில் போவதோடு ஒப்பிட்டால் சிறியது. இயற்கை விவசாயக் காய்கறிக்கு இரட்டை விலை கொடுத்துவிட்டு மைதா பரோட்டா சாப்பிடுகிறவர் ஓட்டையைத் தப்பான இடத்தில் அடைக்கிறார்.

சந்தையில் இருப்பதும் வயிற்றுக்குள் போவதும்

நாட்டுக் கணக்கு சந்தை வரைதான் வரும். அமெரிக்காவில் உணவில் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்பது அந்நாட்டு வேளாண் துறையின் மதிப்பீடு. குப்பைக்குப் போன மெக்னீசியமும் ஆளுக்கு இவ்வளவு என்ற எண்ணில் அடங்கும். மக்களை நேரில் கேட்டு எடுத்த 2013–2016 தேசியக் கணக்கெடுப்பு வேறு படம் காட்டுகிறது: உணவிலிருந்து மட்டும் பார்த்தால் சுமார் 48 சதவீதத்தினர் தேவையான சராசரி அளவுக்கும் கீழே. வளரிளம் பருவத்தினரும் 70 வயதைத் தாண்டிய ஆண்களும் முன்வரிசையில். அங்கே பரிந்துரை ஆண்களுக்கு 400–420 மில்லிகிராம், பெண்களுக்கு 310–320.

சாப்பிட்டதிலும் குடல் எடுத்துக்கொள்வது வழக்கமாக 30 முதல் 40 சதவீதம். தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற சேர்மம் மெக்னீசியத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். மாவைப் புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். இட்லி மாவு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை.

மாத்திரைக்கு முன்னால்

மெக்னீசியம் மிகுந்தவை: பூசணி விதை, பாதாம், நிலக்கடலை, கீரை, பயறு வகைகள், கேழ்வரகு, கம்பு. வாழைப்பழத்தைவிட ஒரு கைப்பிடி கடலையில் மெக்னீசியம் அதிகம். ஒரு வேளைச் சோற்றைக் கேழ்வரகுக் களியாக மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 140 மில்லிகிராம் இருக்கிறது.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரோடு மெக்னீசியம் கூடுதலாகப் போகும். நீண்டகால வயிற்றுப்போக்கு, மிதமிஞ்சிய குடி, சில வகை நீர் மாத்திரைகள் ஆகியவையும் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோரைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே எச்சரித்தது. இவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உணவில் வரும் மெக்னீசியம் கூடினால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மாத்திரையாக வருவது நாளுக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க வரம்பு; தாண்டினால் முதலில் வயிற்றுப்போக்கு. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி, ரத்த அழுத்தத்தை இறக்கி, மூச்சையும் இதயத்தையும் தொடக்கூடும். மெக்னீசியம் கலந்த மலமிளக்கியும் அசிடிட்டி மருந்தும் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கின்றன. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை வாங்கக்கூடாது.