பணிவிடை செய்வோருக்கும் வைத்தியப் பாதுகாப்பு

முதுமையினாலோ நோயினாலோ தளர்ந்து கிடப்பவரைப் பார்க்க வைத்தியர் எப்போதாவது வந்தால் போதும். ஆனால் அவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி, கைப்பிடித்து நடத்திச் செல்லும் ஒருவர் நாள்தோறும் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பணியைக் கூலிக்குச் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிறர் உடல்நலத்தைக் காக்கும் இவர்களில் பலருக்கு, தாம் நோயுற்றால் வைத்தியம் செய்துகொள்ள வழியில்லாதிருந்தது. அக்குறையை நீக்க அங்கு நடந்த முயற்சிகளில் கூட்டுறவாளருக்குப் பாடம் உண்டு; ஆதலின் அவற்றை நம் அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

அந்நாட்டில் உழைக்கும் வயதினர் பெரும்பாலும் வேலை கொடுப்பவர் மூலமாகவே உடல்நல இன்ஷூரன்ஸ் பெறுகின்றனர். பணிவிடையாளரின் வேலையோ நிலையற்றது. பாவு தீர்ந்ததும் தறி நிற்பது போல, தாம் பராமரித்த முதியவர் ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும் காலமானாலும் அவர்களுடைய வேலை நின்றுவிடும். வேலை நேரம் குறைந்தால் இன்ஷூரன்ஸ் தகுதியும் போய்விடும். 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 50 முழுநேர ஊழியருக்குக் குறையாத ஸ்தாபனங்கள் வாரம் சராசரி 30 மணி நேரம் உழைப்போருக்கு இன்ஷூரன்ஸ் அளிக்கவேண்டும், தவறினால் தண்டத்தொகை கட்ட நேரிடும் என்று விதித்தது. வாரம் 25 மணி நேரம் உழைப்பவருக்கு இவ்விதியால் என்ன பயன்? ஏழைகளுக்கென மெடிக்கெய்டு என்னும் அரசாங்க உதவி உண்டு. ஆனால் கூலி சற்று உயர்ந்து வருமான வரம்பைத் தாண்டினால் அவ்வுதவி நின்றுவிடும்.

இந்நிலையில், கடைகளிலோ உணவு விடுதிகளிலோ வேறு வேலை கிடைத்தால் பலர் விலகுகின்றனர். புதிதாக வருபவருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கவேண்டும். நோயாளியோ தம் உடலின் அந்தரங்கத்தை மீண்டும் ஓர் அந்நியரிடம் ஒப்படைக்கவேண்டும்.

இன்ஷூரன்ஸ் அளித்தால் ஊழியர் நிலைப்பாரா? இதற்குச் சான் பிரான்ஸிஸ்கோ நகரம் விடை தந்தது. அங்கு 52 மாத காலத்தில் வீட்டுப் பணிவிடையாளரின் கூலி ஏறத்தாழ இருமடங்காயிற்று, இன்ஷூரன்ஸும் சேர்ந்தது. பொருளாதார அறிஞர் கேண்டஸ் ஹவ்ஸ் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, புதிதாகச் சேர்ந்தோரில் ஓராண்டு நிலைத்தவர் நூற்றுக்கு 39-லிருந்து 74 ஆக உயர்ந்தனர். மணிக்கு 8 டாலர் கூலியை ஒரு டாலர் உயர்த்தினால் நூற்றுக்கு 17 பேர் கூடுதலாக நிலைப்பர். இன்ஷூரன்ஸ் அளித்தால் 21 பேர் கூடுதலாக நிலைப்பர் என்றும் அவர் கணக்கிட்டார். கூலிக்கு ஈடான வலிமை இன்ஷூரன்ஸுக்கு உண்டு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

வாஷிங்டன் மாகாணத்தார் வேறொரு வழி கண்டனர். 2001-ஆம் ஆண்டில் வாக்காளர் அங்கீகரித்த சட்டத்தினால், வீடுதோறும் சிதறி உழைத்த பணிவிடையாளர் ஒன்றுகூடிக் கூலி பேசும் உரிமை பெற்றனர். பின்னர் பொது இன்ஷூரன்ஸ் நிதி ஒன்று எழுந்தது. உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இந்நிதியில் ஒரு தொகை சேரும். மாதம் 80 மணி நேர உழைப்பே தகுதி என வகுத்தனர். பாதுகாப்பு ஒரே வீட்டைச் சாராமல் ஊழியரின் மொத்த உழைப்பைச் சார்ந்திருப்பதே இதன் சிறப்பாகும்.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1985-ஆம் ஆண்டில் ரிக் சர்பின் முயற்சியால் தோன்றிய கோஆபரேட்டிவ் ஹோம் கேர் அஸோஸியேட்ஸ் நமக்கு இன்னும் நெருக்கமானது. இது ஊழியரே உடைமையாளராக உள்ள கூட்டுறவு. பங்குத்தொகை 1,000 டாலர். 50 டாலர் கட்டி அங்கத்தினராகி, எஞ்சியதைக் கூலியிலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்தலாம். பன்னிருவருடன் தொடங்கிய இச்சங்கம் சுமார் 2,000 ஊழியர்களைக் கொண்டதாக வளர்ந்தது. மூன்றாண்டு பணியாற்றி, தரும் வேலையை ஏற்க இசைபவர்க்கு வாரம் 30 மணி நேரக் கூலி உறுதி என்னும் ஏற்பாட்டையும் அது வகுத்தது. வேலை நேரம் உறுதியானால் மற்ற பாதுகாப்புகளும் உறுதிப்படும் அன்றோ!

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. வீட்டுப் பணிவிடைக்கான பணத்தில் பெரும்பகுதி மெடிக்கெய்டு வழியாகவே வருகிறது. அரசாங்கம் தரும் விகிதம் உயராவிடில், பிரீமியம் கட்ட எந்தச் சங்கத்தாலும் நெடுநாள் இயலாது. ஆகவே சங்கத்தின் சிக்கனத்தோடு சர்க்காரின் பொறுப்பும் சேர்ந்தாலன்றி இக்காரியம் நிறைவேறாது.

வேலை ஏறியும் இறங்கியும் வரும் தொழில்களை நாம் அறிவோம். அத்தகைய தொழிலில் ஒரு மாதம் வேலை குறைந்ததற்காக ஒருவரின் வைத்தியப் பாதுகாப்பு அறுந்துவிடக் கூடாது. எந்தச் சங்கம் நலநிதி விதிகளை வகுக்க முற்பட்டாலும், குறைந்தபட்சத் தகுதி என்ன, வேலை தடைப்பட்ட மாதத்தில் பிரீமியத்தை யார் கட்டுவது என்னும் இரண்டு கேள்விகளையும் முதலில் தீர்த்துக்கொள்வது நலம்.