விதைத்த மணி

என் தாயாரை அடக்கம் செய்த அன்று, குழியில் மண் விழும் ஓசையைக் கேட்டு நின்றேன். கிறிஸ்தவ நம்பிக்கை அவ்வோசைக்குச் செவியடைத்துக்கொள்வதன்று, நேயர்களே. ஏறத்தாழ கி.பி. 55-இல் கொரிந்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தை நோக்குங்கள். மரித்தோர் எழுவதில்லையென அச்சபையிலேயே சிலர் வாதித்தனர். பவுல் மழுப்பவில்லை, கிறிஸ்து எழவில்லையெனில் தம் பிரசங்கமும் அவர்தம் விசுவாசமும் வீண் என்றே ஒப்பினார். ஆன்மா அழியாதென்ற பிளேட்டோவின் கொள்கையை அவர் துணைக்கழைக்கவில்லை. விதைத்த மணி வேறு உருவில் முளைப்பதுபோல, மாறிய உடலோடு எழுவோம் என்றார். மரணத்தையோ நண்பன் என்னாமல் கடைசிப் பகைவன் என்றே குறித்தார். ஆகவே அழுவதற்கு எனக்கு உரிமை இருந்தது. அன்று அதை எவரும் சொல்லவில்லை. ஆதிக் கிறிஸ்தவர் இடுகாட்டைக் கிரேக்க மொழியில் 'துயிலிடம்' என்றனர். தாயாரின் கல்லில் 'நித்திரை' என்ற சொல்லையே பொறிக்கச் செய்தேன்.