எலினாருக்கு அழத் தெரியாதா?

'பொறுமை கடலினும் பெரிது' என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். எது பொறுமை, எது வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. எனக்கு அதைப் புரிய வைத்தவள் ஒரு நாவலின் கதாநாயகி.

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' 1811-ல் வெளிவந்தது. 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்துக்கு மூலக்கதை இதுதான். தபு நடித்த சௌம்யாதான் நாவலில் எலினார்.

அப்பா கண்ணை மூடியதும் சொத்து மூத்த தாரத்து மகனுக்குப் போகிறது. தங்கைகளைக் கவனிப்பதாக வாக்குக் கொடுத்தவன், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு, தர நினைத்த மூவாயிரம் பவுனைக் குறைத்துக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்குகிறான். எலினாருக்கு வயது 19. உட்கார்ந்து புலம்பவில்லை. பெரிய வீடெல்லாம் நமக்குக் கட்டாது, வேலையாட்கள் மூன்று பேர் போதும் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறாள்.

அப்புறம் பெரிய இடி. அவள் விரும்பிய எட்வர்டுக்கு ரகசியமாக வேறொருத்தியோடு நிச்சயமாகியிருக்கிறது. அதைச் சொன்னவளே அந்தப் பெண்தான்! வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்ததால், நாலு மாதம் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. தங்கை மேரியனோ காதல் முறிந்ததும் ஊண் உறக்கம் விட்டு, ஈரப் புல்லில் நடந்து, ஜுரம் கண்டு செத்துப் பிழைக்கிறாள்.

எலினாரிடம் தெரிவது ஸ்டோயிக் தத்துவத்தின் சாயல். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் நகரத் தூண் மண்டபத்தில் ஜீனோ தொடங்கியது அது. அடிமையாக இருந்த எபிக்டெட்டஸும், ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸும் அந்த வழியில் வந்தவர்கள். சாவு, சொத்து, ஊர் பேச்சு நம் கையில் இல்லை. நம் தீர்மானம் நம் கையில் என்பதே பாடம். எபிக்டெட்டஸின் போதனைகளை 1758-ல் இங்கிலீஷில் முழுசாகத் தந்தவர் எலிஸபெத் கார்ட்டர் என்ற பெண்மணி. புட்டிங் செய்வதிலும் கெட்டிக்காரர் என்று சாமுவேல் ஜான்சனே மெச்சியிருக்கிறார்!

எலினார் கல்நெஞ்சுக்காரி இல்லை. எட்வர்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும், அறையை விட்டு ஓடிப்போய் ஆனந்தத்தில் விம்மி அழுகிறாள்.

சகோதரிகளே, அடியையும் உதையையும் தாங்கிக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறந்த வீட்டிலோ, நம்பிக்கையான ஒருவரிடமோ வாய் திறந்து சொல்வது நம் கையில் இருக்கிற காரியம். கஷ்டம் வரும்போது, 'இதில் என்னால் ஆவது என்ன?' என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு அந்தக் காரியத்தைச் செய்யுங்கள்.